வகுப்பறையும் வார்டும்: பட்டப் படிப்புச் செவிலியர் பெறும் பயிற்சி

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியை டாக்டர் காண்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும், இரவும் பகலுமாக, அவரைக் கண்காணிப்பவர் செவிலியர். நோய் முற்றுவதன் முதற் குறியைக் காண்பவரும், மருந்தை உடலிற் சேர்ப்பவரும், டாக்டரை இப்போதே அழைக்க வேண்டுமா, இன்னும் சிறிது பொறுக்கலாமா என்று முடிவு செய்பவரும் அவரே. இம்முடிவைச் செய்யத்தக்க ஒருவரை உருவாக்குவது எவ்வாறு என்பதே செவிலியர் கல்வியின் தலையாய கேள்வி. நூலறிவு மட்டும் உடையவரால் இது இயலாது. பழக்கத்தால் மட்டும் கைதேர்ந்தவராலும் இயலாது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே எங்ஙனம் கூடுகின்றன, எவ்விடங்களிற் கூடாமற் போகின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'கிளினிக்கல்' என வழங்கும் சொல், படுக்கை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. இதனைத் தமிழில் 'மருத்துவமனைப் பயிற்சி' என்றும் 'சிகிச்சைப் பயிற்சி' என்றும் எழுதி வருகிறோம். முன்னது இடத்தைக் குறிக்கிறது. பின்னது செயலைக் குறிக்கிறது. மூலச் சொல்லில் இருந்த படுக்கையோ இரண்டிலும் காணாமற் போய்விடுகிறது. மொழிபெயர்ப்போருக்கு இது ஒரு சிறு மனக்குறை. ஆகவே இக்கட்டுரையில் 'படுக்கையருகுப் பயிற்சி' என்ற தொடரையே ஆள்கிறோம். 'செவிலி' என்ற சொல் மட்டும் நமக்கு எளிதாகவே வாய்த்தது. சங்க நூல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த அச்சொல், நர்ஸ் என்னும் பொருளில் இன்று நாடெங்குமுள்ள தமிழர் நாவிற் பயில்கிறது.

பட்டப் படிப்பு வந்த வரலாறு

1860ஆம் ஆண்டில் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் தொடங்கப்பெற்ற பள்ளியே தற்காலச் செவிலியர் கல்விக்கு வழிகாட்டியாயிற்று. நம் நாட்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. ஆனால் இத்தகைய பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் ஒரு குறை உண்டு. அவை மருத்துவமனையின் ஓர் அங்கமாகவே நடந்தன; மாணவியின் உழைப்பைக் கொண்டே வார்டு வேலை நிறைவேறியது. வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு நின்றது. கற்க வந்தவர் வேலையாளாக மாறினார். அமெரிக்காவில் 1923இல் ஜோசபைன் கோல்டுமார்க் என்னும் அம்மையார் தயாரித்த அறிக்கை இக்குறையை வெளிப்படையாகக் கூறி, செவிலியர் கல்வியைப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வேண்டுமென வற்புறுத்தியது. அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பள்ளி தோன்றியது.

இந்தியாவில் 1943இல் நியமிக்கப்பெற்று 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, அன்று நாட்டில் சுமார் 7,000 நர்ஸுகளே இருந்தனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற விகிதமே காணப்பட்டது என்றும் கணக்கிட்டது. அதே 1946ஆம் ஆண்டில் புது டில்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பட்டப் படிப்புகள் தொடங்கின. டில்லிக் கல்லூரி, நாட்டின் முதல் சுகாதார அமைச்சரின் பெயரால் இப்போது ராஜகுமாரி அம்ருத் கௌர் செவிலியர் கல்லூரி என வழங்குகிறது. முதுநிலைப் பட்ட வகுப்பு முதன்முதல் 1959இல் அங்கேதான் தொடங்கியது. பாடத்திட்டங்களை வகுக்கும் பொறுப்பு, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சிலிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு தேசிய ஆணையத்தை ஏற்படுத்துவதற்கான சட்டத்தை 2023இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

இன்றைய பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. 2021இல் வெளியான திருத்திய விதிகளின்படி அது எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவ்விதிகளில் உள்ள ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. வகுப்பறைப் பாடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட்டாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். படுக்கையருகில் நான்கு மணி நேரம் ஒரு கிரெடிட். ஒரு மணி நேரத்திற் சொல்லத்தக்கதைக் கைவரச் செய்வதற்கு நான்கு மடங்கு காலம் வேண்டுமென்பதை இதிலிருந்து நாம் ஊகித்துக் கொள்ளலாம். வகுப்புகளுக்கு நூற்றுக்கு எண்பது வருகை போதும். படுக்கையருகுப் பயிற்சியிலோ பட்டம் பெறுமுன் முழு வருகையும் நிறைவு செய்யப்பட வேண்டும். தவறிய நாட்களை ஈடு செய்தே தீரவேண்டும்.

இன்சுலின் பாடம்

வகுப்பறை எதைத் தரும், எதைத் தராது என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு விளக்குவதே மேல். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் செலுத்துவதை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வார்டுகளில் இது அன்றாடம் நடைபெறும் காரியம். மிக எளிதெனத் தோன்றுவது. அதனாலேயே ஆபத்து மிக்கது.

இந்தியாவில் இன்சுலின் இருவகைச் செறிவில் விற்கப்படுகிறது. ஒரு வகையில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உண்டு. மற்றொன்றில் 100 யூனிட் உண்டு. இவற்றுக்கேற்பச் சிரிஞ்சுகளும் இருவகை. 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு நிற மூடி. சிரிஞ்சின்மேல் உள்ள கோடுகள் மில்லிலிட்டரைக் காட்டுவதில்லை, யூனிட்டையே காட்டுகின்றன. குழப்பத்தின் வேர் இதுவே.

டாக்டர் 10 யூனிட் எழுதியிருக்கிறார் எனக் கொள்வோம். கையிலிருக்கும் மருந்து 100 யூனிட் வகை. சிரிஞ்சோ சிவப்பு மூடி உடையது. மாணவி 10 என்ற கோடு வரை மருந்தை இழுக்கிறார். அச்சிரிஞ்சில் 40 யூனிட் ஒரு மில்லிலிட்டராதலால், 10 என்ற கோடு கால் மில்லிலிட்டரைக் குறிக்கும். 100 யூனிட் மருந்தில் கால் மில்லிலிட்டர் என்பது 25 யூனிட். ஆக, நோயாளியின் உடலிற் சேர்வது எழுதியதைப் போல் இரண்டரை மடங்கு. இனி மறுபுறம் பார்ப்போம். மருந்து 40 யூனிட் வகை, சிரிஞ்சு ஆரஞ்சு மூடி உடையது எனில், 10 என்ற கோட்டில் நிற்பது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள இன்சுலின் 4 யூனிட்டே. முதல் தவறு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். இரண்டாம் தவறு ஓசையின்றிச் சர்க்கரையை உயர்த்திக்கொண்டே போகும். மருந்து பலிக்கவில்லையென்று அளவைக் கூட்டி எழுதுவார்கள். பிறகு ஒருநாள் வேறொருவர் சரியான சிரிஞ்சில் அக்கூட்டிய அளவைச் செலுத்துவார்.

இக்கணக்கை வகுப்பறையிற் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். கரும்பலகையில் பத்துக் கணக்குகள் போட்டால் மாணவி தவறமாட்டார். இன்சுலின் எப்போது வேலை செய்யத் தொடங்கும், எப்போது உச்சம் அடையும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். சாதாரண இன்சுலின் அரை மணியிற் செயற்படத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சம் அடைகிறது. ஆதலால் உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகச் செலுத்தவேண்டும் என்று மாணவி எழுதிக்கொள்கிறார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் வார்டில் நிற்கிறார். சிரிஞ்சு சரி, மருந்து சரி, அளவு சரி, நோயாளியின் பெயரைக் கேட்டு அறிந்தாயிற்று, நேரமும் ஆயிற்று. சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தும் பொருந்தியுள்ளன. ஆயினும் வார்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது: காலை உணவு வந்துவிட்டதா? உணவு வண்டி இன்று தாமதமாக வரலாம். நோயாளியை வயிற்றுச் சோதனைக்காகப் பட்டினி இருக்கச் சொல்லியிருக்கலாம். செலுத்திய ஐந்தாம் நிமிடத்தில் எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஆள் வந்து அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றுவிடலாம். பத்தரை மணிக்கு அவர் எக்ஸ்ரே அறையின் வாசலில், வியர்த்துக் கொட்டிய நிலையில், என்ன கேட்டாலும் பொருந்தாத விடை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் ஐயுறவேண்டும். நினைவு தெளிவாயிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் வாய்வழி கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். நினைவு இழந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது, மூச்சுக்குழலிற் போய்விடும். சிரை வழியே டெக்ஸ்ட்ரோஸ் செலுத்த வேண்டும்; 25 சதவீதக் கரைசலில் 100 மில்லிலிட்டர் என்பது 25 கிராம் சர்க்கரை.

இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்காகச் சிலவகை மாத்திரைகளை உண்பவருக்குச் சர்க்கரை குறையும்போது படபடப்பும் நடுக்கமும் தோன்றாமற் போகலாம். வியர்வை மட்டும் தோன்றும். நோய்க்குறிகளின் பட்டியலை நெட்டுருச் செய்தவர் படபடப்பைத் தேடுவார். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்தவர் வியர்வையைக் கண்டதும் எழுந்து நிற்பார்.

நரம்பில் ஏற்றும் நீரின் வேகத்துக்கும் இதுபோன்ற ஒரு கணக்கு உண்டு. 500 மில்லிலிட்டர் சலைனை நான்கு மணி நேரத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயில் ஏற்ற வேண்டுமெனில், நிமிடத்துக்கு 42 துளி. கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடிக்குப் பத்து அல்லது பதினொரு துளி என எண்ணிச் சரிசெய்யலாம். குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 துளி. ஆதலால் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ, நிமிடத்துக்கு அத்தனை துளி. இதனையும் கரும்பலகை கற்பித்துவிடும். நோயாளி கையை மடக்கினால் துளி நின்றுவிடும் என்பதையும், உறவினர் 'சீக்கிரம் முடியட்டும்' என்று திருகியைத் திறந்துவிடுவார் என்பதையும் அது கற்பிப்பதில்லை.

பொம்மையின் பங்கு

வகுப்பறைக்கும் வார்டுக்கும் நடுவே ஓர் இடைத் தளம் உண்டு. அதுவே பயிற்சிக் கூடம். 1911இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளிக்காக, பொம்மை செய்வதில் பெயர்பெற்ற மார்த்தா சேஸ் என்னும் அம்மையார் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என அழைக்கப்பட்ட அப்பொம்மையின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவின. 1960இல் நார்வே நாட்டு ஆஸ்மண்ட் லேர்டால் செய்த பொம்மை, இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முறையைப் பழகுவதற்கு உதவியது. நெஞ்சை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துவது, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பவற்றைக் கை பழகும்வரை உயிருள்ளவர்மீது பயில முடியாது. பொம்மையின்மீதுதான் பயில வேண்டும். இக்காலப் பொம்மைகளுக்கு நாடி துடிக்கிறது, நுரையீரல் ஓசை எழுகிறது. ஊசி குத்துதல், உணவுக் குழாய் இடுதல், சிறுநீர்க் குழாய் இடுதல் போன்றவற்றை முதன்முறை ஒரு மனித உடலின்மீது செய்து பார்க்க நேரும் நிலை இதனால் நீங்கியது. இது நோயாளிக்கு நாம் செய்யவேண்டிய கடமையுமாகும்.

ஆயினும் பொம்மை வெட்கப்படுவதில்லை. அதன் போர்வையை விலக்குமுன் திரையை இழுக்க வேண்டுமென்பதை மாணவி மறந்தாலும் அது முகம் சுளிப்பதில்லை. ஆகவே நல்ல ஆசிரியர்கள் பொம்மையிடமும் பெயர் கேட்கச் செய்கிறார்கள். செய்யப் போவதைச் சொல்லச் செய்கிறார்கள். பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வழக்கம் இவ்வாறே படிகிறது.

படுக்கையருகே ஒரு காலை

படுக்கையருகுப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவருக்குப் பத்து மாணவர்கள் என்பது கவுன்சிலின் அளவு. மாணவி ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்பதும் அவ்வாறே. நடைமுறையில் பணி தொடங்குமுன் ஒரு சிறு கூட்டம் நடைபெறும். ஒவ்வொருவரும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட நோயாளியைப் பற்றியும், இன்று அவருக்கு நேரக்கூடியவற்றைப் பற்றியும், தாம் செய்யப் போவதைப் பற்றியும் கூறவேண்டும். பணி முடிந்தபின் மீண்டும் கூடி, நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுவர். இப்பின் கூட்டமே மிகுந்த பயன் தருவது. வருத்தத்துக்குரிய செய்தி யாதெனில், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பல இடங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

மாணவி முதன்முதற் கற்பது நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து எழுதுவது. இவற்றுள் மூச்சைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். எந்த மருத்துவமனையிலும் வார்டு அட்டவணையைப் புரட்டினால், நோயாளிகள் எல்லாரும் நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விடுவதாகத் தோன்றும். இவ்வொருமைப்பாடு இயற்கையில் இல்லை. எண்ணாமல் எழுதப்பட்ட எண் அது. வளர்ந்தவர் அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உடலின் உள்ளே கேடு மூளும்போது, இரத்த அழுத்தம் வீழ்வதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே மூச்சின் வேகம் உயரக்கூடும். 18 ஆக இருந்தது 24 ஆகி, 28 ஆகும் அந்த ஏற்றமே செவிலியர் கையிலுள்ள முதல் எச்சரிக்கை. அட்டவணையில் 20 என்று எழுதியவர் அவ்வெச்சரிக்கையைத் தம் பேனாவால் அழித்துவிடுகிறார். ஆகவே ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். நோயாளியிடம் சொல்லாமல் எண்ணவேண்டும், ஏனெனில் சொன்னால் மூச்சு மாறும். நாடி பார்ப்பவர்போல் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மார்பைக் கவனிப்பது பழைய உத்தி. இதைவிடச் சிறந்த உத்தி இன்னும் தோன்றவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு படுக்கைப் புண். நெடுநாள் அசையாமல் படுத்திருப்பவரின் பிட்டெலும்பு, குதிகால், இடுப்பு ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுந்தித் தசை பட்டினி கிடக்கிறது. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கேடு விரைவில் வருகிறது. 1962இல் இங்கிலாந்தில் டோரின் நார்ட்டன் என்னும் நர்ஸ், முதியோரை ஆராய்ந்து ஓர் அளவுகோல் வகுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலத்தை அடக்கும் திறன் என்னும் ஐந்துக்கும் நான்கு முதல் ஒன்றுவரை எண் இடவேண்டும். மொத்தம் இருபதில் பதினான்கோ அதற்குக் குறைவோ வந்தால் ஆபத்து நெருங்கியுள்ளது எனக் கொள்ள வேண்டும். மாணவி இதனைக் கற்றுக்கொண்டு வார்டுக்கு வருகிறார்.

இங்கே இரு முட்டுக்கட்டைகள் எதிர்ப்படுகின்றன. புண்ணின் முதற்படியைப் பாடநூல், விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என வருணிக்கிறது, படமும் காட்டுகிறது. படத்திலுள்ள தோல் வெள்ளையர் தோல். நம் நாட்டு நோயாளிகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அச்சிவப்பு கண்ணுக்குப் புலப்படாது. கையால் தொட்டு, அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக உள்ளதா, கெட்டிப்பட்டுள்ளதா, தொட்டால் வலிக்கிறதா என்று அறியவேண்டும். இதனை மாணவியின் கையைப் பிடித்து வைத்துக் காட்டும் ஆசிரியர் வேண்டும். சொல்லால் விளக்குவது அரிது.

இரண்டாவது முட்டுக்கட்டை வழக்கம். முதுகுக்கு ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் இட்டு, சிவந்த இடத்தை நன்றாகப் பிசைந்துவிடுவது வார்டுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் பணிவிடை. எலும்பு துருத்திய இடத்தில், அதிலும் ஏற்கெனவே நசுங்கிய தோலில், அழுத்தித் தேய்த்தல் கூடாது என்பது இன்றைய கருத்து. நிலையை மாற்றிப் படுக்க வைப்பதும், தோலை உலர்வாக வைப்பதும், போதிய புரதம் உண்ணச் செய்வதுமே தேவை. இருபது ஆண்டு அனுபவமுள்ள வார்டு சிஸ்டர் 'நன்றாகத் தேய்த்துவிடு, பெண்ணே' என்கையில் பத்தொன்பது வயது மாணவி என்ன செய்வது? கல்லூரியில் ஒரு முறை, வார்டில் ஒரு முறை என்று இரண்டையும் கற்றுக்கொண்டு, பரீட்சையில் ஒன்றையும் பணியில் மற்றொன்றையும் கையாள்வதே பெரும்பாலோர் காணும் வழி. செவிலியர் கல்வியின் பெருங்குறை இதுவே என்பது எம் கருத்து. புத்தகமும் படுக்கையும் தனித்தனியே வாழப் பழகிவிட்டால், பின்னர் எவ்வளவு நேரம் வார்டில் நின்றாலும் அவை சேர்வதில்லை.

யார் கற்பிப்பது?

இக்குறைக்கு மாணவியிடம் மருந்து இல்லை, நிருவாகத்திடமே உண்டு. பல இடங்களில் கல்லூரி ஆசிரியர் மருத்துவமனைக்கு விருந்தினராகவே வருகிறார். அவருக்கு வார்டில் அதிகாரம் இல்லை. சிஸ்டருக்கோ வகுப்பறையில் இடம் இல்லை. வேலூரில் நெடுங்காலமாகக் கையாளும் ஏற்பாடு இதற்கு மாறானது. அங்கே கற்பிப்போரே வார்டுப் பணியிலும் பொறுப்பேற்கின்றனர். வகுப்பில் சொன்னதை மறுநாள் வார்டில் தாமே நிறைவேற்றிக் காட்டவேண்டும். இது ஆசிரியருக்கு இரட்டைச் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நேற்று வகுப்பில் 'தேய்க்காதே' என்றவரே இன்று படுக்கையருகில் நின்றால், மாணவிக்கு இரண்டு முறைகள் என்பது இல்லாமற் போகிறது. இவ்வேற்பாடு இல்லாத இடங்களில்கூட, சிஸ்டரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கல்லூரிக்கு அழைத்துப் பேச வைப்பதும், புதிய முறைகளை முதலில் அவருக்கு விளக்குவதும் செலவில்லாத காரியங்கள். மாணவி வாயிலாகப் புதுமையை அறிய நேரும் சிஸ்டர் அதனை ஏற்பது அரிது, யாரும் அவ்வாறே.

மொழியும் ஒரு பாடம். பாடநூல்கள் ஆங்கிலத்தில், பரீட்சை ஆங்கிலத்தில், நோயாளியோ ஆங்கிலம் அறியாதவர். டில்லி மருத்துவமனைகளில் கேரளத்திலிருந்து வந்த பெண்கள் முதல் மாதங்களிலேயே வலியைப் பற்றி இந்தியில் கேட்கப் பழக வேண்டியிருக்கிறது. எரிகிறதா, குத்துகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா, பாரமாயிருக்கிறதா என்ற வேறுபாடுகள் ஒவ்வொரு மொழியிலும் உண்டு. நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது என்று நோயாளி சொல்வதை 'வலி உண்டு' என்று ஒரு சொல்லில் எழுதுபவர் நோய் கண்டறியும் வாய்ப்பொன்றை இழக்கிறார். பாடத்திட்டத்தில் இதற்கெனப் போதிய மணி நேரம் ஒதுக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது. கிராமங்களுக்கும் வீடுகளுக்கும் சென்று செய்யும் சமுதாய சுகாதாரப் பயிற்சியில் இம்மொழியறிவின் அருமை இன்னும் தெளிவாக விளங்கும். அங்கே சிஸ்டரும் இல்லை, மொழிபெயர்த்துச் சொல்ல அண்டைப் படுக்கைக்காரரும் இல்லை.

பரீட்சை

முன்னாளில் செய்முறைப் பரீட்சை என்பது, ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர், அரை நாள் என்று இருந்தது. ஒருத்திக்கு எளிய நோயாளி வாய்ப்பார். மற்றொருத்திக்குக் கடினமானவர் வாய்ப்பார். 1975இல் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ரொனால்டு ஹார்டன், மருத்துவ மாணவருக்காக வேறு முறையொன்றை வெளியிட்டார். பல மேசைகள் வரிசையாக இருக்கும். மேசைதோறும் ஒரு வேலை. மணியடித்ததும் அடுத்த மேசைக்குச் செல்லவேண்டும். எல்லார்க்கும் ஒரே வேலைகள், ஒரே மதிப்பெண் பட்டியல். நம் செவிலியர் கல்லூரிகளிலும் இம்முறை இப்போது இடம்பெற்றுள்ளது. ஒரு மேசையில் சிவப்பு மூடிச் சிரிஞ்சையும் 100 யூனிட் இன்சுலின் குப்பியையும் வைத்துவிட்டு, '10 யூனிட் எடுக்கவும்' என்று எழுதி வைக்கும் பரீட்சகரை நாம் மெச்சலாம். அங்கே மருந்தை எடுக்காமல் 'சிரிஞ்சு பொருந்தவில்லை' என்று சொல்பவருக்கே மதிப்பெண்.

மாணவி செய்த செயல்களைக் குறித்துக்கொள்ளும் பதிவேட்டைப் பற்றியும் கூறவேண்டும். இத்தனை ஊசி, இத்தனை பிரசவம் என்று எண்ணிக்கை நிரம்பியபின் ஆசிரியர் கையொப்பமிடுகிறார். கடைசி வாரத்தில் ஒரே மையில், ஒரே சாய்வில் இடப்பட்ட முப்பது கையொப்பங்கள் எதனையும் நிரூபிப்பதில்லை. செயல் நடந்த அன்றே, நடந்ததைப் பற்றி ஒரு வரியேனும் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் உள்ள கல்லூரிகளில் மட்டுமே இப்பதிவேடு பயனுடையது.

எட்டாம் பருவமும் அதன் பின்னும்

எட்டாம் பருவம் முழுவதும் உள்ளுறைப் பயிற்சி. வாரத்துக்கு 48 மணி நேரமாக 22 வாரங்கள், ஆக 1,056 மணி நேரம் மாணவி வார்டிலேயே பணிபுரிகிறார். இரவு டியூட்டியும் உண்டு. கோல்டுமார்க் அம்மையார் கண்ட பழைய ஆபத்து மீண்டும் தலைகாட்டுவது இங்கேதான். ஆள் குறைந்த வார்டில் சம்பளமில்லாத கையாக மாணவியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆசை எந்த நிருவாகத்துக்கும் எழும். அவர் தனியே விடப்படுகிறாரா, பொறுப்புள்ள ஒருவரின் கண்பார்வையில் பொறுப்பேற்கிறாரா என்பதை வைத்தே இப்பயிற்சியின் தரத்தை அளக்கவேண்டும்.

முதுநிலைப் பட்ட வகுப்பு இரண்டு ஆண்டுகள். இதிற் சேருவதற்குப் பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டுமென்ற விதி உண்டு. இம்மாணவியர் ஒரு சிறப்புத் துறையில் தேர்ச்சி பெறுவதோடு, பிறருக்குக் கற்பிக்கவும் பழகுகின்றனர். பாடக் குறிப்பு எழுதி வகுப்பெடுப்பது அவர்களுக்கு விரைவில் கைவந்துவிடுகிறது. படுக்கையருகே கற்பிப்பதுதான் கடினம். நோயாளியின் காது கேட்க அவருடைய நோயைப் பற்றி எவ்வளவு பேசலாம்? இளைய மாணவி தவறு செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் எந்தக் கணத்தில் அவள் கையைத் தடுப்பது? மிக முன்னதாகத் தடுத்தால் அவள் கற்பதில்லை. பிந்தினால் நோயாளி துன்புறுகிறார். தடுக்கும்போது நோயாளிக்கு அச்சம் உண்டாகாமலும், மாணவிக்குத் தலைகுனிவு நேராமலும் பேசுவது எப்படி? இதற்கு அனுபவமிக்க ஆசிரியர் கையாளும் வழி எளியது. ஊசி தோலைத் தொடுமுன், கதவுப் பக்கம் நின்றபடியே, 'சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா, பார்த்தாயா?' என்று மட்டும் அவர் கேட்கிறார். மாணவி சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுத் தாழ்வாரத்தை எட்டிப் பார்க்கிறாள்.